தேய்த்தெடுத்த 1.2 மில்லிமீட்டர்: ஒரு யுகுலேலேயின் நிகழ்வு ஆய்வு

சென்ற ஏப்ரல் கடைசி வாரம். வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில்தான் இசைக்கருவி பழுதுபார்க்கும் பட்டறை. மாலை ஆறு மணிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தணலாகத் தகித்துக்கொண்டிருந்தது. காட்பாடியிலிருந்து ஒருவர் தன் மகளோடு வந்தார். எட்டாம் வகுப்பு முடித்த பெண். கையில் துணிப்பையில் ஒரு யுகுலேலே, கிட்டார் சாயலில் நாலு கம்பியுள்ள சின்னக் கருவி.

"அண்ணா, பாப்பாவுக்கு விரல் நுனியில தோல் உரியுது. ரெண்டு மாசமா ஆசையா வாசிச்சது, இப்போ தொடவே மாட்டேங்குது" என்றார் தகப்பனார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. இடது கை விரல்களை மட்டும் விரித்துக் காட்டினாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கன்றிப்போன கோடுகள் இருந்தன. நைலான் கம்பி அப்படிக் கோடு போடாது. அதை அந்த நிமிடமே நான் கவனித்திருக்க வேண்டும்.

கூடவே வீட்டில் அவளுடைய ஆயா, அதாவது பாட்டி, சொல்லி அனுப்பிய புகார் ஒன்றும் இருந்தது. ஆயா இளவயதில் வீணை கற்றவர். "முதல் மெட்டுல விரல் வெச்சா சுரம் ஏறிப்போவுது, வெறும் கம்பி மட்டும் சரியா இருக்குது" என்பது அவர் கணிப்பு. மெட்டு என்பது கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டை. கருவி எதுவும் கையில் இல்லாமல், காதால் மட்டும் அவர் சொன்ன இந்த ஒரு வரி, பிறகு நான் அளந்து கண்டுபிடித்ததில் பாதி.

கருவியைப் பற்றி முதலில். கான்சர்ட் அளவு. நட்டிலிருந்து சாடில் வரை 380 மில்லிமீட்டர். நட் என்பது கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை. சாடில் என்பது கீழே, மேல்பலகையில் ஒட்டியிருக்கும் குதிரை என்ற கட்டையின் மேல் செருகியிருக்கும் மெல்லிய பட்டை. இரண்டும் பிளாஸ்டிக். மேல்பலகை ஒற்றைப் பலகைதான், ஒட்டுப்பலகை இல்லை. ஒலித்துளையின் விளிம்பில் பார்த்தால் மரத்தின் ரேகை மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஓடியது. பக்கங்களும் அடிப்பலகையும் ஒட்டுப்பலகை. கழுத்துக்குள் ட்ரஸ் ராடு என்ற இரும்புத் தண்டு கிடையாது. கிட்டாரில் திருகி நிமிர்த்தலாம், இதில் அந்த வழி இல்லை.

டாப்பெட் சரிசெய்ய பைக் மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, இடைவெளி அளக்கும் அதே ஃபீலர் கேஜ்தான் என்னிடமும் இருக்கிறது. ஒரு எஃகு ஸ்கேலும் அதுவும் போதும். 12ஆம் மெட்டின் மேல் கம்பியின் உயரம் 3.9 மில்லிமீட்டர். முதல் மெட்டின் மேல் 1.1. யுகுலேலேவில் 12ஆம் மெட்டில் 2.5 அல்லது அதற்குச் சற்றுக் கூட, முதல் மெட்டில் 0.5 என்பது வாசிக்க வசதியான கணக்கு. நாலு கம்பிகளும் ஜி, சி, ஈ, ஏ. சுருதி காட்டும் ட்யூனரில் வெறும் கம்பிகளைச் சரியாகச் சேர்த்துவிட்டு, ஈ கம்பியை முதல் மெட்டில் அழுத்தினால் 35 சென்ட் ஏறியது. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். 35 என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. எஃப் கார்டு, அதாவது அந்தச் சுரக்கூட்டு, பிடிக்கும்போது அந்த முதல் மெட்டுதான் வேண்டும். பி ஃப்ளாட் கார்டுக்கு முதல் மெட்டில் விரலைப் படுக்க வைத்து இரண்டு கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். இவ்வளவு உயரத்தில் ஒரு குழந்தையால் அது முடியாது.

முதல் நாள் செய்த தவறு

மறுநாள் ஞாயிறு. அவளுக்கு ஒரு சின்ன நிகழ்ச்சியில் வாசிக்க வேண்டியிருந்தது. "இன்னைக்கே ஏதாவது பண்ணிக் குடுங்க அண்ணா" என்றார் தகப்பனார். நானும் ஒத்துக்கொண்டேன்.

கம்பி உயரமாக இருக்கிறது, சாடிலைத் தேய்த்தால் இறங்கும். இது எல்லோருக்கும் தெரிந்த வழி. சாடிலில் எவ்வளவு எடுத்தாலும் 12ஆம் மெட்டில் அதில் பாதிதான் இறங்கும், ஏனென்றால் 12ஆம் மெட்டு கம்பியின் நட்ட நடுவில் இருக்கிறது. கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, சாடிலின் அடிப்பக்கத்தை 1.2 மில்லிமீட்டர் தேய்த்தேன். 3.9 இருந்தது 3.3 ஆனது. கொஞ்சம் தேவலை என்று கொடுத்தனுப்பினேன்.

கம்பிகள் எஃகு என்பதை நான் பார்த்தேன். பார்த்தும், "சரி, திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டேன். உயரத்துக்குக் காரணமே அதுதான் என்று யோசிக்காமல் விளைவின் மேல் உப்புத்தாளை வைத்தேன். இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே இந்த வரிசைப் பிசகுக்காகத்தான்.

செவ்வாய்க்கிழமை கருவி திரும்பி வந்தது. இந்த முறை நிதானமாகப் பார்த்தேன். குதிரையின் பின்னால் மேல்பலகை வயிறு தள்ளியிருந்தது. ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் நடுவில் தொட்டு இரு ஓரமும் தூக்கிக்கொண்டது. குதிரைக்கு முன்னால், ஒலித்துளைப் பக்கம், பலகை லேசாக அமுங்கியிருந்தது. குதிரையின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகினேன். மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தடையில்லாமல் போனது. பசை விட்டிருக்கிறது. கழுத்தும் கம்பியின் இழுப்பில் ஒரு முடியளவு முன்னே வளைந்திருந்தது.

பழைய கம்பி ஒன்று அறுந்தபோது, பக்கத்து ஊரில் ஒரு கடையில் கிட்டார் கம்பிகளைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கிட்டாரின் முதல் கம்பி இரண்டு, இரண்டாம் கம்பி ஒன்று, சுற்றுக்கம்பியான மூன்றாவது ஒன்று. கம்பி நுனியில் இருக்கும் பித்தளை உருளை, குதிரையின் துளைக்குப் பின்னால் அழகாக மாட்டிக்கொண்டது. சத்தமும் கூடியது. குழந்தைக்கு முதல் வாரம் பிடித்துக்கூட இருந்திருக்கிறது.

கம்பியின் கணக்கு

எஃகுக் கம்பி போடக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு கூடுதல் என்று கேட்டால் பதில் வராது. எனக்கு அந்த எண் வேண்டும். அதனால் கழற்றிய கம்பிகளில் அரை மீட்டர் துண்டு வெட்டி, நகைக்கடை வைத்திருக்கும் நண்பனின் தராசில் நிறுத்தி, இரண்டால் பெருக்கிக்கொண்டேன். மீட்டருக்கு முதல் கம்பி 0.55 கிராம், இரண்டாவது 1.04, சுற்றுக்கம்பி 1.95.

சூத்திரம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கம்பியின் நீளத்தை இரண்டால் பெருக்கி, அதை அதிர்வெண்ணால் பெருக்கி, வந்ததை வர்க்கம் செய்து, ஒரு மீட்டர் கம்பியின் நிறையால் பெருக்கினால் இழுவிசை. ஏ கம்பிக்கு 440 ஹெர்ட்ஸ். 2 × 0.38 × 440 என்றால் 334.4. அதன் வர்க்கம் ஏறத்தாழ 1,11,800. அதை 0.00055 கிலோவால் பெருக்கினால் 61.5 நியூட்டன். 9.8ஆல் வகுத்தால் 6.3 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். இதேபோல ஈ கம்பி 329.6 ஹெர்ட்ஸுக்கு 6.7 கிலோ, சி கம்பி 261.6 ஹெர்ட்ஸுக்கு 7.9, ஜி கம்பி 392 ஹெர்ட்ஸுக்கு 5.0. மொத்தம் 25.9 கிலோ.

போட வேண்டிய கம்பிக்கும் கணக்கிட்டேன். ஃப்ளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் இழையில் செய்த செட் ஒன்று கையிருப்பில் இருந்தது. ஏ 0.52 மில்லிமீட்டர், ஈ 0.66, சி 0.81, ஜி 0.57. இதன் அடர்த்தி 1.78, நைலானுக்கு 1.14. அதனால்தான் அதே இழுவிசைக்கு ஃப்ளோரோகார்பன் கம்பி மெலிதாக இருந்தால் போதும். கணக்கு வந்தது: 4.3, 3.9, 3.7, 4.1. மொத்தம் 16.0 கிலோ.

பதினாறு கிலோவைத் தாங்கும் கருவியின் மேல் 26 கிலோ. சுமார் 1.6 மடங்கு. மாதக்கணக்கில் இரவும் பகலும்.

அந்தக் கடைக்காரருக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்பதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. அதே முதல் கம்பி, 65 சென்டிமீட்டர் நீளமுள்ள கிட்டாரில் தன் ஈ சுரத்தில் நிற்கும்போது பத்துக் கிலோவுக்கு இழுபடுகிறது. யுகுலேலேவில் 6.3தான். ஆகவே போட்டவர் கைக்கு அது தொய்வாகத்தான் தோன்றியிருக்கும். கம்பி அறாது, கிறீச்சிடாது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, பெட்டிக்குத்தான் ஆனது. எஃகுக் கம்பி கிட்டாரின் உள்ளே எழுபது கிலோ சுமக்க முட்டுக்கட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. இதில் மேல்பலகையே இரண்டு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை.

இந்தக் கருவி பிறந்த விதமும் அப்படி. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பலில் மதீரா தீவுக்காரர்கள் ஹொனலூலுவில் வந்திறங்கினார்கள். அவர்களோடு வந்த மஷேட் என்ற சின்னக் கருவியின் வழியில்தான் ஹவாயில் யுகுலேலே உருவானது. மானுவல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று தச்சர்களும் அந்தக் கப்பலில் வந்தவர்கள். நைலான் வரும்வரை யுகுலேலேவில் கட்டியது குடல் தந்தி. அந்த மென்மையான தந்தியின் சிறு இழுப்புக்கே பலகை அசைந்து பாட வேண்டும் என்பதால் பெட்டியை மெலிதாகச் செய்தார்கள். எஃகுக் கம்பிக்கென்றே கட்டும் யுகுலேலேகள் இன்று உண்டு. நைலான் நடுவில் ஓட, மேலே உலோகம் சுற்றிய தாழ்ந்த ஜி கம்பியும் உண்டு, அதைத் தாராளமாகப் போடலாம். இங்கே நான் சொல்வது முழு எஃகுக் கம்பியை.

இன்னொன்று. ஆயாவின் புகாருக்கு வருகிறேன். வீணை வாசிப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் ஏறும், கமகம் பிறப்பதே அதில்தான். கம்பி மெட்டுக்கு மேல் உயரமாக நின்றால், விரல் அதைக் கீழே அழுத்துவதும் ஓர் இழுப்புதான். கேட்காமலே வரும் கமகம். எஃகு சுலபத்தில் நீளாது என்பதால், அதே அளவு அழுத்தத்துக்கு நைலானைவிடப் பல மடங்கு இழுவிசை ஏறி, சுரமும் அந்த விகிதத்தில் ஏறும். உயரமும் எஃகும் சேர்ந்தபோதுதான் 35 சென்ட். வீணையில் சுரம் தப்பினால், மேளம் கட்டுகிறவர், அதாவது மெட்டு அமைப்பவர், மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி விடுவார். இருபத்து நான்கு மெட்டும் அப்படி ஒவ்வொன்றாகக் காதால் உட்கார்ந்தவை. யுகுலேலேவில் மெட்டு மரத்தில் அடித்தது, நகராது. ஆகவே உயரமும் இழுப்பும் சரியாக இருந்தே தீர வேண்டும்.

குதிரையைக் கழற்றியது

எஃகுக் கம்பிகளைக் கழற்றி, மூன்று நாள் கருவியைச் சும்மா கிடத்தினேன். வயிறு பாதி இறங்கியது. மீதி இறங்கக் குதிரை எழுந்து உட்கார வேண்டும்.

சின்ன இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில், ஈரத்துணி மடிப்பை நடுவில் வைத்துக் குதிரையின் மேல் பிடித்தேன். பிறகு மெல்லிய பட்டிக்கத்தியைப் பின்பக்கமிருந்து செலுத்தினேன். சிரமப்படாமல் வந்துவிட்டது. இருந்தது வெள்ளைப் பசை. அந்தப் பசை சூட்டில் இளகும். கருவியை மதியம் நிறுத்திய காருக்குள் விட்டதுண்டா என்று கேட்டேன். "ரெண்டு மூணு தடவை வண்டியிலதான் இருந்துச்சு" என்றார் தகப்பனார். வேலூரில் சித்திரை வெயில் 42 டிகிரியைத் தொடும் நாளில், பூட்டிய காருக்குள் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒருபக்கம் 26 கிலோ இழுக்கிறது, மறுபக்கம் பசை இளகுகிறது.

திரும்ப ஒட்ட நான் எடுத்தது வச்சிரம். தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசையைப் பழைய தச்சர்கள் எல்லோரும் அறிவார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த நமக்கு இது அந்நியமான சரக்கில்லை. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் பசையின் வலு போய்விடும். உலர்ந்தபின் கண்ணாடிபோல் இறுகும், வெறும் வெயில் சூட்டுக்கு வெள்ளைப் பசைபோல நழுவாது. ஈரச் சூடு பட்டால் மட்டும் விடும். அதுவும் நல்லதுதான், நாளை இன்னொருவர் கழற்ற வேண்டியிருந்தால் பலகை பிய்யாமல் வரும்.

ஒட்டுகிற இரண்டு முகத்திலும் பழைய பசையைத் துளிகூட விடாமல் சுரண்டினேன். குதிரையின் அடிப்பக்கத்தை மேல்பலகையின் மேலேயே உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, இரண்டும் இடைவெளி இல்லாமல் பொருந்தும்படி செய்தேன். ஒலித்துளை வழியாக உள்ளே ஒரு தட்டையான கட்டை, வெளியே ஒரு கட்டை, நடுவில் இறுக்கிப் பிடிக்க இரண்டு சின்ன ஜி கிளாம்ப். ஒரு முழு நாள் அப்படியே. பிறகும் ஒரு வாரம் கம்பி கட்டாமல் வைத்தேன். அந்த ஒரு வாரம் அவசியமா என்று கேட்பார்கள். வயிறு தள்ளிய பலகை திரும்ப உட்காருவதற்கு அதற்குரிய காலம் வேண்டும் என்பது என் அனுபவம்.

மெட்டுகளில் எஃகு பதித்த சிறு பள்ளங்கள் இருந்தன. ஏ கம்பிக்கு அடியில் இரண்டாம், மூன்றாம் மெட்டில் மட்டும் ஆழம் கொஞ்சம் கூட. லேசாக மட்டப்படுத்தி மெருகேற்றி விட்டேன்.

நட்

யுகுலேலே வாங்குகிற பத்தில் எட்டுப் பேருக்கு வரும் தொல்லை உண்மையில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாடிலைப் பார்க்கிறவர்கள் நட்டைப் பார்ப்பதில்லை. தொழிற்சாலையில் பள்ளத்தை வேண்டுமென்றே மேலாக வெட்டி அனுப்புகிறார்கள். ஆழம் அதிகமாகப் போனால் கம்பி இரையும், திருப்பி அனுப்புவார்கள். மேலாக இருந்தால் குழந்தையின் விரல் வலிக்கும், அதற்கு யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

ஃப்ளோரோகார்பன் கம்பி கட்டிச் சுருதி சேர்த்ததும் அளந்தேன். 12ஆம் மெட்டில் 2.3. குதிரை உட்கார்ந்ததும், இழுப்பு குறைந்ததும், கழுத்து நிமிர்ந்ததும் சேர்ந்து ஒரு முழு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. முதல் மெட்டில் 0.9. அங்கே இன்னும் அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டும்.

நட்டின் பள்ளம் வெட்டத் தனி அரங்கள் விலை அதிகம். கேஸ் வெல்டிங் சாமான் விற்கும் கடையில் டிப் கிளீனர் என்று ஒரு கட்டுக் கிடைக்கும், ஊசிபோலப் பல பருமனில் சின்னச் சின்ன வட்ட அரங்கள். அதுவே போதும். சி கம்பிக்கான பள்ளம் 0.6 மில்லிமீட்டர் எஃகுக்குப் பழகியிருந்தது. 0.81 கம்பி அதில் நெருக்கிக்கொண்டு நின்றது. நெருக்கினால் சுருதி சேர்க்கும்போது கம்பி வழுக்காமல் திக்கித் திக்கி ஏறும், பிடி பிடி என்று சத்தம் வரும். அதை அகலமாக்கி, எல்லாப் பள்ளத்தையும், கம்பியை முறுக்கும் பிரடைப் பக்கம் சாயும்படி அராவினேன்.

எங்கே நிறுத்துவது? இரண்டாம், மூன்றாம் மெட்டுக்கு நடுவே கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் மெட்டின் மேல் கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே வெளிச்சம் பார்க்க வேண்டும். ஒரு தாள் கனம் இடைவெளி தெரிந்தால் நிறுத்திவிடலாம். தட்டினால் லேசாக டிக் என்று கேட்கும். டிக் கேட்காவிட்டால் ஒரு தடவை கூடப் போய்விட்டோம் என்று அர்த்தம். ஒவ்வொரு கம்பிக்கும் மூன்று இழுப்பு, திரும்பச் சுருதி, திரும்பப் பார்வை. ஒரு மாலை முழுக்க இதற்கே போனது. முதல் மெட்டு 0.45க்கு வந்தது. நட்டில் எடுத்ததில் பாதி 12ஆம் மெட்டிலும் இறங்கும் அல்லவா, அங்கே 2.05.

ஈ கம்பியின் முதல் மெட்டு இப்போது 6 சென்ட் மட்டும் ஏறியது. பாப்பா வந்து பி ஃப்ளாட் பிடித்தாள். நான்கு கம்பியும் பேசின. "வலிக்கல அங்கிள்" என்றாள். அப்படியே ஒரு மணிநேரம் வாசித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

கத்திரியில் வந்த இரைச்சல்

ஒரு வாரம்கூட ஆகவில்லை. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. சி கம்பியை வேகமாக வாசித்தால் சர்ரென்று இரைகிறது என்று தகவல் வந்தது. என் பட்டறைச் சுவரில் உள்ள ஈரப்பதமானி 34 விழுக்காடு காட்டிய மதியத்தில் அளந்தேன். 1.85.

மரம் காய்ந்தால் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். ஓரங்கள் ஒட்டப்பட்டிருப்பதால் பலகைக்கு நகர இடமில்லை, நடு உட்காரும். குதிரையும் கூடவே இறங்கும், கம்பியும் இறங்கும். ஐப்பசி மழையில் இதற்கு நேர்மாறாக மேல்பலகை உப்பி, கம்பி உயரும். நம் ஊரில் ஒரே கருவிக்கு இரண்டு உயரம் உண்டு என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

ஆனால் எல்லாப் பழியையும் வெயிலின் மேல் போட முடியாது. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் அவசரத்தில் சாடிலில் 1.2 மில்லிமீட்டர் தேய்த்தேன். 12ஆம் மெட்டில் அதன் பங்கு 0.6. அதைத் தேய்க்காமல் இருந்திருந்தால் இப்போது 1.85 அல்ல, 2.45. கத்திரி வெயிலின் உச்சத்திலும் இரையாத உயரம். அந்தப் பழைய சாடில் அளவு தவறாகவே இல்லை. குதிரை எழும்பியதால் உயரமாகத் தெரிந்திருக்கிறது. குதிரையை உட்கார வைத்தபிறகு, நான் எறிந்த அந்தத் தூளே தேவைப்பட்டது.

அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்துவது ஒரு வழி. செய்யவில்லை. சாடிலின் அடி குதிரையின் பள்ளத்தில் முழுதாகப் பதிந்தால்தான் கம்பியின் அதிர்வு பலகைக்கு ஒழுங்காக இறங்கும். பிழை என்னுடையது, ஆகவே காசு வாங்காமல் எலும்பில் புதிதாகச் செய்தேன். வெட்டிய எலும்புத் துண்டை உப்புத்தாளில் தேய்த்துப் பள்ளத்துக்கு இறுக்கமாக, ஆனால் விரலால் இழுத்தால் வரும்படி கொண்டுவந்தேன். எலும்பைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், தூள் மூக்குக்குள் போகக் கூடாது. பழைய சாடிலின் உச்சி நேர்கோடு. இதில் சி கம்பி உட்காரும் இடத்தை மட்டும் ஒரு மில்லிமீட்டர் பின்னே தள்ளி உச்சியைச் செதுக்கினேன். தடித்த கம்பி அழுத்தும்போது கூடுதலாகச் சுரம் ஏறும், நீளத்தைச் சற்றுக் கூட்டினால் அது சமனாகும். 12ஆம் மெட்டில் முதல் நாள் 22 சென்ட் ஏறியிருந்தது இப்போது 4.

12ஆம் மெட்டில் 2.45, முதல் மெட்டில் 0.5. இரைச்சல் இல்லை.

பிறகு

நவம்பரில், இரண்டு நாள் விடாத மழைக்குப் பின் வரச் சொன்னேன். ஈரப்பதம் 80ஐத் தாண்டியிருந்தது. 12ஆம் மெட்டில் 2.7. குதிரையின் பின்விளிம்பில் தாள் நுழையவில்லை. ஃப்ளோரோகார்பன் ஈரத்தை உறிஞ்சாது என்பதால் சுருதியும் அதிகம் நகரவில்லை, நைலானாக இருந்தால் இன்னும் அலைந்திருக்கும். பிப்ரவரியில் 2.55. விரல் நுனிகள் ஆறி, இப்போது லேசான காய்ப்பு மட்டும்.

பிப்ரவரியில் ஆயாவும் கூட வந்தார். அவருக்கு ஒரு கோரிக்கை இருந்தது. "தம்பி, இது 1 கட்டையில இருக்குது. நான் பாடறது 2 கட்டை. எல்லாத்தையும் ஏத்தி வெச்சுட்டா நானும் அவளும் சேர்ந்து உக்காரலாம்."

1 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு, அதாவது முழுச்சுரம் ஒன்று ஏற்றினால் அதிர்வெண் 12 விழுக்காடு கூடும். இழுவிசை அதன் வர்க்கத்தில் ஏறும், 26 விழுக்காடு. 16 கிலோ 20ஐத் தாண்டும். சிறிய சொப்ரானோ யுகுலேலேகளை அந்தச் சுருதியில் வைப்பது பழைய வழக்கம்தான், நீளம் குறைவு என்பதால் அவற்றுக்கு அது பொருந்தும். இந்தக் கருவியும் அறுந்து விழாது. ஆனால் ஒருமுறை வயிறு தள்ளி, ஒட்டி எழுந்த பலகை. கம்பியும் விறைத்துப் பாப்பாவின் விரலுக்குத் திரும்பப் பாரமாகும். வேண்டாம் என்றேன். எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை இரண்டாம் மெட்டில் மாட்டிக் கொடுத்தேன். சுரம் 2 கட்டைக்கு ஏறும், இழுவிசை அப்படியே இருக்கும். நட் சரியாக இறங்கியிருந்ததால் கேப்போ போட்டபின் சுருதியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஆயா அங்கேயே ஒரு வரி பாடிப் பார்த்தார். நடுவில் நிறுத்தி, மூன்றாம் மெட்டில் ஏ கம்பி ஒரு துளி மங்கலாகக் கேட்கிறது என்றார்.

சரிதான். எஃகு பதித்த அந்தப் பள்ளம். இன்னும் ஓராண்டு தாங்கும் என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு மெட்டையும் ஜூனில், கத்திரி முடிந்து பலகை அமைதியான பிறகு, மாற்றிக்கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். இந்த முறை எதையும் தொடுவதற்கு முன் முதலில் அளக்கப்போவது கம்பியின் உயரத்தை அல்ல, குதிரையின் பின்விளிம்பை.